சின்னவளின் பதின்மூன்று ஓட்டு

அந்த டிப்போவில் பஸ் கழுவும் பெண்கள் இருபத்தெட்டு பேர். அதில் இரண்டு பேர் அண்ணியும் நாத்தனாரும். எல்லோருக்கும் அவர்கள் பெரியவள், சின்னவள். பகல் ஷிப்ட் யாருக்கு என்று ஒருமுறை முட்டிக்கொண்டதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிப்பார்கள். முகம் மட்டும் ஆளுக்கொரு திசை.

தொழிலாளர் கமிட்டியில் மூன்று இடம். இதுவரை ஆளுக்கு மூன்று டிக் போடுவார்கள். டிரைவர்கள் அறுபது பேர் சேர்ந்து போட்டால் மூன்று இடமும் அவர்களுக்கே. அவர்கள் ஓய்வறைக்கு டிவி வந்தது. பெண்கள் உடை மாற்றும் கொட்டகைக்குத் தாழ்ப்பாள் வரவில்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

இந்த முறை விதி மாறியது. கணக்குப் பிரிவு அம்மா எல்லோரையும் கூட்டி விளக்கினார்.

"டிக் கிடையாது. பிடிச்சவங்களுக்கு ஒண்ணு, அடுத்தவங்களுக்கு ரெண்டுன்னு எண் போடுங்க. நூறு ஓட்டுல இருபத்தாறு வந்துட்டா ஜெயிச்சாச்சு. அதுக்கு மேல வர்ற ஓட்டு அடுத்த எண்ணுக்குப் போகும். கடைசியா வந்து தோத்தவங்க ஓட்டும் அப்படித்தான்."

பெண்கள் பக்கம் பெரியவளும் நின்றாள், சின்னவளும் நின்றாள்.

"ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம். நின்னு நல்லா அடிச்சுக்கோங்க!" என்று டிரைவர்களின் தலைவர் மீசைக்காரர் சிரித்தார்.

மெக்கானிக்குகள் சார்பில் நின்ற ஃபிட்டர் சின்னவளைத் தேடி வந்தார்.

"தங்கச்சி, உன் ஆளுங்களை எனக்கு ரெண்டு போடச் சொல்லு. எங்காளுங்க உனக்குப் போடுவாங்க."

"சரிண்ணே. ஜெயிச்சா எங்க கொட்டகைக்குத் தாழ்ப்பாள் போட்டுத் தருவீங்களா?"

"அது கிடக்குது. முதல்ல ஜெயிப்போம், அப்புறம் பார்த்துக்கலாம்."

அன்று முழுக்க அந்த "கிடக்குது" சின்னவளை உறுத்திக்கொண்டே இருந்தது. அண்ணிமேல் ஆயிரம் கோபம். ஆனால் அந்தக் கதவை அண்ணியும் பிடித்து நின்றவள்தானே!

ஓட்டுப் போடப் போகும்போது தோழிகள் கேட்டார்கள்: "உனக்கு ஒண்ணு. ரெண்டு யாருக்கு?"

"பெரியவளுக்கே போடுங்க," என்றாள், எங்கோ பார்த்துக்கொண்டு.

தானும் அப்படியே போட்டாள். 'ஒன்று' சட்டென்று விழுந்தது. 'இரண்டு' எழுதத்தான் பேனா கனத்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் எண்ணினார்கள். மீசைக்காரருக்கு நாற்பது. இருபத்தாறு போக மிஞ்சிய பதினான்கு, இருபதில் நின்ற அடுத்த டிரைவருக்குப் போய், அவரும் ஜெயித்தார். அதிலும் மிஞ்சிய எட்டு மூன்றாவது டிரைவருக்குப் போயும் அவர்தான் கடைசி; அவர் வெளியேற, அந்த எட்டும் ஃபிட்டருக்கு. பன்னிரண்டில் நின்ற ஃபிட்டர் இருபதானார். பெரியவளுக்குப் பதினைந்து. கடைசியில் சின்னவள், பதின்மூன்று.

"சின்னவங்க போட்டியிலிருந்து வெளியே," என்றார் கணக்கு அம்மா.

அவளுடைய சீட்டுகளை அந்த அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். இரண்டு ஃபிட்டரிடம் போயின. மற்ற பதினொன்றும் பெரியவளிடம். இருபத்தாறு!

பெண்கள் ஓவென்று கத்தினார்கள்.

"நாங்க அறுபது பேர். எங்களுக்கு ரெண்டே ரெண்டு இடமா?" மீசைக்காரர் எழுந்தார்.

"நூறுல அறுபதுன்னா மூணுல ரெண்டு சரியாத்தானே வருது? மூணும் வேணும்னா மத்த நாப்பது பேர் எங்க போறது?" என்றார் கணக்கு அம்மா.

மீசைக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் பெரியவள் வந்தாள். நெடுநாளைக்குப் பிறகு நேருக்கு நேர்.

"நீதான் போடச் சொன்னியாமே?"

"ஆமா அண்ணி."

பெரியவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "நான் உனக்கு ரெண்டு போடலைடி. ஒண்ணோட நிறுத்திட்டேன். யாரையும் போடச் சொல்லவும் இல்ல."

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால், மறைக்காமல் சொன்னாளே! அந்த நேர்மைக்கு எதிரே சின்னவளால் கோபத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை.

"பரவாயில்ல. அடுத்த தடவை போடுங்க."

"அடுத்த தடவை நீ ஒண்ணு, நான் ரெண்டு," என்றாள் பெரியவள். "இப்ப வா, என்னென்ன கேக்கணும்னு நீயே சொல்லு. எனக்குக் கூட்டத்துல பேசிப் பழக்கமில்ல."

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சின்னவள் பேசத் தொடங்கினாள்.