பதினோரு கிலோமீட்டர்

முப்பத்தோராவது நாள் சாயங்காலம் மாமா போன் பண்ணியபோது நான் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில், முழங்காலில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட கூட்டல் கணக்கு இருந்தது. எங்கள் குழுவில் ஒன்பது பேர். நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு சைக்கிளில் போகிறோம். வழியில் வரும் புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் இறங்கி நோயாளிகளோடு பேசுவது, வெளியூரிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்க ஒரு விடுதி வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லி ஆள் சேர்ப்பது, இதுதான் வேலை. கிளம்பும்போது இதைச் சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது பெருமையெல்லாம் வியர்வையோடு போய்விட்டது. உட்காரும் இடம் புண்ணாகி, உள்ளங்கை மரத்து, படுத்தாலும் கால் தானாக மிதித்துக்கொண்டிருக்கும் ஒரு ஆள்தான் மிச்சம்.

மாமா என் அக்காவின் கணவர். எதையும் நாலு வார்த்தைக்குள் முடித்துவிடுகிறவர். அன்று கொஞ்சம் கூடுதலாகப் பேசினார்.

"உங்கக்கா புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகலப்பா."

"போயிட்டு வந்துட்டேன்னு சொன்னாளே."

"என்கிட்டயும் அதேதான் சொன்னா. பக்கத்து வீட்டு அம்மாவோட போறேன், நீங்க லீவு போட வேணாம்னா. நம்பி வேலைக்குப் போயிட்டேன். இன்னிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து போன் பண்ணி ஏன் வரலைன்னு கேக்கறாங்க. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. தள்ளிப் போடக் கூடாதாம். இவ முடியாதுங்கறா. ஏன்னு கேட்டா உன்னைக் கேக்கச் சொல்றா. ஏதோ போட்டோவாம்."

என்ன போட்டோ என்று தெரியாது, ஆனால் எந்த நாள் என்று தெரிந்துவிட்டது.

நான் லிப்ட் மெக்கானிக். அடுத்தவர்கள் மாடி ஏறாமல் இருப்பதற்காக இருபது வருஷம் பாடுபட்டவன். அப்படிப்பட்டவன் நாற்பத்தாறு வயதில் சைக்கிளில் நாட்டைக் கடக்கப் போகிறேன் என்றதும் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வாரம் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அப்போது அவளுடைய புற்றுநோய்க்கு மூன்றாவது கீமோ மருந்து ஏற்றி முடித்திருந்தார்கள். மொத்தம் ஆறு. மூன்று வாரத்துக்கு ஒன்று. மூன்றோடு போதும், இனிமேல் என்னால் முடியாது என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் திரும்பிப் பார்த்து, "தெருமுனைக் கடைக்கே பைக்கில போறவன் நீ" என்றாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள். "சரி, ஒரு பேச்சு பேசிக்குவோம். நீ ஒரு இடத்துலகூட வண்டியில ஏறாம முழுசா ஓட்டி முடி. நான் ஒண்ணுகூட விடாம ஏத்திக்கறேன்." விளையாட்டாகத்தான் சொன்னாள். மாமா வாசலில் நின்றபடி என்னைப் பார்த்த பார்வையில் விளையாட்டு இல்லை. கிளம்பிய எட்டாம் நாள் நான்காவது மருந்தும் ஏறியது.

வண்டி என்பது எங்கள் பின்னால் வரும் வேன். மூட்டை முடிச்சு, தண்ணீர், உதிரிச் சக்கரம் எல்லாம் அதில்தான். முடியாதவர்கள் ஏறிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு கிலோமீட்டரும் ஓட்டாமல் விடக்கூடாது. சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்காரும்போது ஒவ்வொருவரும் "முழுசா" என்று சொல்ல வேண்டும். வண்டியில் ஏறியிருந்தால் எத்தனை கிலோமீட்டர் என்று சொல்ல வேண்டும். அப்படி விட்டதை மற்றவர்கள் அன்றைக்கே, தங்குமிடத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டி அடைப்பார்கள். விட்டவர் மட்டும் ஓட்டக் கூடாது, உட்கார்ந்து பார்க்க வேண்டும். யார் முழுசு, யார் குறை என்ற பட்டியலும் தினமும் எங்கள் குழுவின் இணையப் பக்கத்தில் ஏறிவிடும். அக்கா அதைப் பார்த்த பிறகுதான் சாப்பிடுவாள் என்று மாமா ஒருமுறை சொன்னார்.

இருபத்தெட்டாம் நாள் எனக்குக் காய்ச்சல். மலையை ஒட்டிய ஏற்றம். முழங்காலுக்குள் யாரோ மணலைக் கொட்டிய மாதிரி இருந்தது. எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள், நான்தான் கடைசி. வேன் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து என் சைக்கிளைத் தூக்கி மேலே கட்டினார். ஏறிய நிமிஷமே தூங்கிவிட்டேன். மற்றவர்கள் டீ குடிக்க நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் என்னை எழுப்பி இறக்கிவிட்டார். பதினோரு கிலோமீட்டர். "யார்கிட்டயும் சொல்லாதீங்க அண்ணே" என்றேன். "எனக்கென்னப்பா" என்றார். அன்று சாயங்காலம் என் முறை வந்தபோது "முழுசா" என்றேன். பொய் சொல்லத் தொண்டை அடைக்கும் என்பார்கள். எனக்கு அடைக்கவில்லை. பசிதான் எடுத்தது.

அக்காவுக்குப் போன் போட்டேன். நாலைந்து மணி அடித்த பிறகு எடுத்தாள்.

"மாமா சொல்லிட்டாரா?"

"என்ன போட்டோக்கா?"

"ஆட்டுப் போட்டோ."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. டிரைவருக்கு போட்டோ பைத்தியம். வழியில் மரம், பாலம், மாடு, எதைப் பார்த்தாலும் நிறுத்தி எடுத்து எங்கள் பக்கத்தில் போட்டுவிடுவார். அன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு ஆட்டு மந்தை போயிருக்கிறது. மனுஷன் இறங்கி, ஆடுகளோடு சேர்த்துத் தன் வேனையும் எடுத்திருக்கிறார். குழுவில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள், ஆட்டைத்தான் பார்த்தார்கள். அக்கா துணிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் செக்கிங் பார்த்தவள். நூறு சட்டையில் ஒரு தையல் விலகியிருந்தாலும் அவள் கைக்குத் தப்பாது. வீட்டில் அவளுக்கு செக்கிங் என்றுதான் பேர்.

"ஜன்னல்ல சாஞ்சு வாயைத் தொறந்துகிட்டுத் தூங்கறே. சைக்கிள் மேல கிடக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு லிஸ்ட் வருது, உன் பேருக்கு நேரா முழுசுன்னு போட்டிருக்கு."

"அக்கா, எனக்கு அன்னிக்குக் காய்ச்சல்..."

"கோவமில்லடா. நீயா நினைச்சுக்காதே." மூச்சு வாங்கினாள். "பொறாமையா இருந்துச்சு. எவ்வளவு நல்லாத் தூங்கறே தெரியுமா? அந்தப் போட்டோவைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்தேன். நீ தினமும் முழுசு முழுசுன்னு வர்றப்போ, நானும் எந்திரிச்சுத்தான் ஆகணும்னு இருந்துச்சு. அது எவ்வளவு பாரம்னு உனக்குத் தெரியாது. அன்னிக்கு உன்னைப் பார்த்ததும், அப்பாடா, இவனும் ஏறிட்டான்டான்னு ஆயிடுச்சு. மறுநாள் புதன்கிழமை. கிளம்பிப் புடவைகூடக் கட்டிட்டேன். அப்படியே படுத்துத் தூங்கிட்டேன். நாலு மாசத்துல அன்னிக்குத்தான் தூங்கினேன்."

எனக்கு அழுகை வந்தது. இவளுக்காக ஓட்டுகிறேன், இவளுக்காக ஓட்டுகிறேன் என்று முப்பது நாளாக நானே என்னைத் தட்டிக்கொடுத்திருக்கிறேன். அவளோ அதைத் தன் முதுகில் சுமந்திருக்கிறாள்.

"நாளைக்குப் போயிடுக்கா."

"பார்க்கலாம்" என்று வைத்துவிட்டாள். அவள் பார்க்கலாம் என்றால் அதற்கு முடியாது என்றுதான் எங்கள் வீட்டில் அர்த்தம்.

வெளியே வட்டம் கூடிவிட்டது. குழுவுக்குத் தலைவி ஒரு ரிடையர்டு நர்ஸ், எல்லோரும் சிஸ்டர் என்போம். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையாகக் கேட்டார். முழுசா, முழுசா, முழுசா. அன்று எதிர்காற்று. குரலில் யாருக்கும் உயிரில்லை. எங்களோடு ஓட்டி வரும் கணக்கு வாத்தியார் முதுகு வலியால் உட்காரக்கூட முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றார். என் முறை வந்தது.

"இன்னிக்கு முழுசா" என்றேன். "இருபத்தெட்டாம் நாள் பதினோரு கிலோமீட்டர் வண்டியில வந்தேன். முழுசுன்னு பொய் சொல்லிட்டேன்."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு செருப்பால் மண்ணைத் தள்ளினார். சிஸ்டர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"இன்னிக்குத்தான் சொல்லணும்னு தோணுச்சா? எதிர்காத்துல நூத்திப் பத்து ஓட்டிட்டு வந்திருக்கோம்."

"நாளைக்கு வச்சுக்கலாமே சிஸ்டர்" என்றேன்.

"நாளைக்குன்னு ஒண்ணு கிடையாது. வாத்தியாரே, இந்த மைதானம் ஒரு சுத்து எவ்வளவு வரும்?"

"முந்நூறு மீட்டர். முப்பத்தேழு சுத்து."

"நாங்க ஏழு பேர் ஆளுக்கு அஞ்சு. உங்களுக்கு முதுகு. ரெண்டு போதும்."

வாத்தியார் ஹெல்மெட்டை மாட்டினார். மாட்டும்போது அவர் பல்லைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. எட்டுப் பேரும் காயப்போட்டிருந்த ஈர பனியன்களைத் திரும்ப மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் வராந்தாவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வழக்கம் அதுதான். மலை ஏற்றமே பரவாயில்லை என்று தோன்றியது.

திரும்ப அக்காவுக்குப் போட்டேன், இந்தத் தடவை முகம் தெரிகிற மாதிரி. கட்டிலில் படுத்திருந்தாள். தலையில் மாமாவின் குல்லா.

"என்னடா?"

"சொல்லிட்டேன்க்கா. பாரு." போன் கேமராவைத் திருப்பி மைதானத்தைக் காட்டினேன். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. புழுதியில் எட்டு சைக்கிள்களும் ஒன்றன் பின் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"என்ன பண்றாங்க?"

"நான் விட்டதை ஓட்டறாங்க."

சைக்கிள்கள் கடந்து போகும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

"உனக்கு எட்டுப் பேர் சுத்தறாங்க" என்றாள். "என்னோடதை யாருடா சுத்துவாங்க?"

ஆறுதலாக எதையாவது சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிகளில் முப்பது நாளாக எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவளிடம் வாய் வரவில்லை.

ஒவ்வொருவராக முடித்து இறங்கினார்கள். சிஸ்டர் தன் ஐந்தாவது சுற்றை முடித்து, சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்திலேயே மண்ணில் மல்லாந்தார். மைதானத்தில் வாத்தியார் மட்டும்தான் மிச்சம். இரண்டாவது சுற்றில் எதிர்ப்பக்கம் போனவர் நின்றுவிட்டார். இறங்கினார். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

"யாரு அது, தள்ளிட்டு வர்றாரு?" அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் போனுக்குக் கிட்டே வந்திருந்தது.

"கணக்கு வாத்தியார். முதுகு வலி."

"தள்ளினா கணக்குல வருமா?"

"வரும். வண்டியில ஏறாம இருந்தாப் போதும். தள்ளலாம், நடுவுல நிக்கலாம், உக்காரலாம். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."

"அதை ஏன்டா என்கிட்ட முதல்லயே சொல்லல?"

அவளுக்குப் பின்னால் மாமா வந்தார். ஆஸ்பத்திரி பைலை ஒரு பையில் வைத்து, அந்தப் பையைச் சத்தமில்லாமல் நாற்காலியில் மாட்டிவிட்டுப் போனார். அவள் திரும்பிப் பார்த்தாள். எடுத்துட்டுப் போங்க என்று சொல்லவில்லை. போனையும் வைக்காமல் இருந்தாள்.

"கையை ஆட்டாம பிடிடா. சரியாத் தெரியல."

நான் இரண்டு கையாலும் போனைப் பிடித்தேன். வாத்தியார் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, கோல் கம்பம் வரைக்கும் வந்து மறுபடி நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றி சைக்கிளில் மாட்டினார். அங்கிருந்து எங்கள் வராந்தாவுக்கு இன்னும் பாதி மைதானம் இருந்தது.

"அவசரப்படுத்தாதீங்கடா அவரை" என்றாள் அக்கா. "வந்து சேரட்டும். நான் இருக்கேன்."