யுகம் மெதுவாக வரட்டும்

நிலக்கரி மின்நிலையத்தை மாதக் கடைசியில் மூடுகிறார்கள். தொழிலாளர்களை நட்டாற்றில் விடமாட்டோம் என்று அரசு அறிவித்தது. சொன்னபடியே, காற்றாலைக் கோபுரத்தில் கொண்டுபோய் விட்டது. உள்ளே செங்குத்தாக நிற்கும் ஏணியில் ஏறி, உச்சியிலுள்ள இரும்பு மூடியைத் திறந்து வெளியே வந்தால் புது வேலை. நடுவில் ஒரு படி இறங்கினாலும் ஃபெயில்.

பாய்லர் பிரிவில் இருந்தவள், பல்பு மாற்றக்கூட ஸ்டூலில் ஏறாதவள், இப்போது கடைசிப் படியில் தொங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே, அவள் கொழுந்தன். அதே மின்நிலையம், அதே கதி. வீட்டுக்கு வரும் இரண்டு சம்பளமும் அந்த ஏணியில்தான் நின்றன.

"அண்ணி, கீழ பாக்காதீங்க."

"நான் எங்க பாக்குறேன்? கண்ணையே தொறக்கல."

மூடியைத் தள்ளினாள். அசையவில்லை. தட்டினாள்.

"யாரு?" என்றது மேலிருந்து ஒரு குரல், வீட்டுச் சொந்தக்காரர் மாதிரி.

"தொறங்க! கை வலிக்குது!"

"நான் கேமராக்காரன்மா, மூடி மேல உக்காந்திருக்கேன். கீழ பேசுற ஐயா 'எழுகிறது புதிய யுகம்'னு சொல்வாரு. அப்பதான் நீங்க எழணும்."

கீழே மைதானத்தில் எரிசக்தித் துறைச் செயலாளர் பேசிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி கோபுரத்துக்குள் முழங்கியது. அவர் இன்னும் ஆதிமனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த இடத்திலேயே இருந்தார். நிலக்கரிக்கே வரவில்லை, காற்றுக்கு எப்போது வருவது?

இடுப்பில் கட்டிய பாதுகாப்பு பெல்ட் தாங்கும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அவள் விரல்கள் அதை நம்பவில்லை. அவை ஒவ்வொன்றாக மரத்துக்கொண்டிருந்தன.

"அண்ணி, கால் ஏன் ஆடுது?"

"ஏணி ஆடுதுடா."

"அதே ஏணியிலதான் நானும் நிக்கிறேன்."

"ஒரே ஒரு படி இறங்கிக்கிறேன்டா. முடியல."

"ஐயோ, வேணாம்! என் தோள்ல கால வைங்க."

வைத்தாள். ஒலிபெருக்கி நீராவிக்கு வந்தது. அவள் வலது கை நழுவியது. உடம்பு ஒருபக்கமாகச் சரிந்து, பெல்ட் வெடுக்கென்று இழுத்து நிறுத்தியது. கொழுந்தன் அலறினான். அவளுக்கு அலறவும் மூச்சில்லை. படியை மறுபடி பற்றி, ஹெல்மெட்டால் மூடியை முட்டினாள்.

"எந்திரிங்கய்யா!"

"யுகம் இன்னும் வரலம்மா..."

"யுகம் மெதுவா வரட்டும். நான் வரேன்!"

மூடி எழுந்தது. கேமராக்காரரும் எழுந்தார், வேறு வழியில்லாமல். வெளிச்சமும் காற்றும் அவள் முகத்தில் அறைந்தன. கீழே கூட்டம் அண்ணாந்து பார்த்துக் கைதட்டி ஆர்ப்பரித்தது.

செயலாளர் நெகிழ்ந்துபோனார். நீராவியை மக்கள் இவ்வளவு ரசிப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நெஞ்சில் கைவைத்து வணங்கிவிட்டு, நெருப்பிலிருந்து மறுபடி தொடங்கினார்.

அவள் கூரையில் குப்புறப் படுத்து, கம்பியைக் கட்டிக்கொண்டாள். கொழுந்தனும் தவழ்ந்து வந்து பக்கத்தில் விழுந்தான். அவள் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"ரெண்டு பேரும் பாஸ்!" என்றார் பயிற்சியாளர். "இறங்கி வாங்க. நாளைக்குக் காலையில டூட்டி."

"எங்க சார்?"

"அங்கயேதாம்மா."

அவள் கம்பியை இன்னும் இறுக்கினாள்.

"அப்போ நாங்க இங்கயே இருந்துடறோம்."