சுவரில் இல்லாத பேர்

பெயர்ந்து தொங்கிய துண்டுக் கடதாசியைக் கஞ்சிப் பசை தடவி ஸரீனா மறுபடி சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தபோது, கூடப்பிறந்த நானா ஜவாஹிர் வாசலில் செருப்பைக் கழற்றினார். வாப்பாவுக்கு இன்று தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அறுபத்திரண்டு வயதில் வாப்பாவுக்கு மறதி வந்ததிலிருந்து உக்குவளை வீடு முழுக்க அவள் எழுதி ஒட்டியிருந்தாள். கொல்லைக் கதவு. தொழக் கிப்லா இந்தப் பக்கம். கட்டிலுக்கு எதிரே ஆட்களின் பேர்கள்: ஸக்கியா, பெண்சாதி, மௌத்தாகிவிட்டா. றம்லா, இளைய மகள், மாத்தளையில் இருக்கிறா. நோனா, பால் கொண்டு வருபவ. தினமும் சுபஹு தொழுததும் வாப்பா ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். பிறகு அவள் கையால் மறைத்துக்கொண்டு கேட்பாள். பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்புவிப்பார்.

பால்காரிக்குக்கூட இடமிருந்த அந்தச் சுவரில் ஜவாஹிரின் பேர் இல்லை. வேண்டுமென்றே விட்டாள். அவளுக்கு வலிப்பு இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் பொய் சொல்லி நிக்காஹ்வைக் கலைத்தது அவர்தான். வாப்பாவைப் பார்க்க வீட்டில் ஒரு ஆள் வேண்டுமாம். தட்டிக் கேட்ட வாப்பாவையே பிடித்துத் தள்ளிவிட்டுக் கண்டிக்குப் போனவர், இப்போதுதான் வருகிறார், பொருத்தம் கேட்க. பெற்றவர் மன்னிக்காமல் கண்ணை மூடினால் மறுமையில் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம்.

ஜவாஹிர் கட்டிலோரம் மண்டியிட்டு வாப்பாவின் கையைப் பிடித்தார். "வாப்பா, நான் செஞ்சது தப்பு. என்னைப் பொருந்திக்கங்க."

வாப்பா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, பழக்கப்படி சுவரைப் பார்த்தார். உதடுகள் ஒவ்வொரு பேராக அசைந்தன.

"உங்க பேரு இல்லியே, தம்பி," என்றார். "தெரியாத ஆளுக்கு நான் எதைப் பொருந்திக்கிறது?"

ஜவாஹிர் குலுங்கி அழுதார். ஸரீனாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அழட்டும், நன்றாக அழட்டும் என்று நின்றாள்.

பிறகு கரண்டியில் தண்ணீர் எடுத்து வந்து வாப்பாவின் தலையைத் தூக்கினாள். முறைக்கு அவளும் கேட்க வேண்டும். "என்னையும் பொருந்திக்கங்க, வாப்பா."

வாப்பா அவளைப் பார்த்தார். சுவரை மேலிருந்து கீழாக இரண்டு தடவை பார்த்தார். எப்போதும் பக்கத்தில் இருப்பவள். 'புள்ள' என்று கூப்பிடுவார், அதுவே போதும் என்றிருந்தாள். தன் பேரை எழுத அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"நீங்களும் அவரோட வந்தவங்களா?" என்று கேட்டார்.

லுஹர் தொழுகைக்கு முன் வாப்பா மௌத்தாகிவிட்டார். அஸருக்குப் பிறகு ஆண்கள் வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முன்னால் தோள் கொடுத்தவர் ஜவாஹிர். உள்ளே றம்லா அழுதுகொண்டிருந்தாள். ஸரீனா ஒரு துண்டுக் கடதாசியில் 'ஸரீனா, மூத்த மகள்' என்று எழுதி, நோனாவின் பேருக்குக் கீழே வைத்து அழுத்தினாள். சிரட்டையில் பசை காய்ந்துபோயிருந்தது. கடதாசி ஒட்டவில்லை. கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.