நாலு இன்ச் தூக்கிய ஜீப்

பார்த்திபனின் ஜீப் காடு மலை ஏறுவதற்கென்றே செய்த வண்டி. வாங்கி ஒரு வருஷம் ஆகப்போகிறது, இதுவரை அது ஏறிய பெரிய மலை டோல்கேட் வேகத்தடைதான். காலையில் கல்கத்தா ஹைவேயைப் பிடித்து தேர்வாய் கண்டிகைக்குப் போகும். அங்கே கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்ட் அவனுக்கு. சாயங்காலம் அதே தார் ரோட்டில் வீடு திரும்பும். நடுவில் ஒரு டீ, ஒரு பிரியாணி. வண்டியின் வீர வரலாறு இவ்வளவுதான் என்பது அவன் மனைவி நர்மதாவுக்கு நன்றாகத் தெரியும்.

அப்படிப்பட்ட வண்டியை இன்னும் உயரமாகத் தூக்க வேண்டும் என்று ஒரு நாள் ஆரம்பித்தான். சாப்பிட்ட தட்டில் கை காய, யாரோ ஆற்றுக்குள் ஜீப் இறக்கும் வீடியோவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"லிஃப்ட் கிட் போடணும் நர்மதா. இப்ப பாக்கறதுக்கு சாதா காரு மாதிரி குந்திக்கினு கீது."

"இன்னாத்துக்குங்க? ஆத்துல எறக்கப் போறீங்களா? ஏரியில கால நனைக்கவே உங்களுக்கு பயம்."

"காதுகுத்துக்கு போய் எறங்கறப்போ ஒரு கெத்து வேணாவா?"

காதுகுத்து என்றதும் நர்மதா கேலியை விட்டாள். அதில் அவளுக்கும் ஒரு ஆத்திரம் பாக்கி இருந்தது. பார்த்திபனின் தங்கை கவிப்பிரியாவுக்கு இரண்டு பிள்ளைகள். தாய்மாமன்களும் இரண்டு பேர், மூத்தவன் வரதன், இளையவன் பார்த்திபன். குழந்தையை எந்த மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது என்பதற்கு இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாய் அங்காளம்மாள் சீர்த்தட்டைப் பிடித்துக்கொண்டு எந்த மகன் வண்டியில் கோயில் வாசலில் வந்து இறங்குகிறாளோ, அந்த மகன் மடிதான். மறுபேச்சே கிடையாது. மூத்த பேரனுக்குக் குத்தியபோது அவள் வரதன் வண்டியில் போனாள். பொன்னேரி பக்கம் கவிப்பிரியா வீட்டுக் கூடத்தில் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டிய அந்தப் படத்தில் வரதனும் அவன் மனைவியும் ராஜா ராணி கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். ஓரத்தில் நர்மதாவின் முழங்கை மட்டும் தெரியும். அந்த வீட்டுக்கு விருந்துக்குப் போகும்போதெல்லாம் தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டே சோறு தின்ன வேண்டியிருந்தது அவளுக்கு.

இந்த முறை பேத்தி இளமதிக்குக் காதுகுத்து. "பெரியவன் மடி ஆச்சு. இந்த வாட்டி சின்னவன் வண்டில வரேன்" என்று அங்காளம்மாளே சொல்லிவிட்டாள். மடி கைக்கு வந்தாகிவிட்டது. கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும். அதுகூட ஒரு ஆம்பளையால் முடியாமல் போகும் என்று நர்மதா நினைக்கவில்லை.

புதுவாயல் கூட்டு ரோட்டில் வண்டிக்கு அலங்காரச் சாமான் விற்கும் கடை வைத்திருந்தான் ஜோசப். வாடிக்கையாளன் முகத்தைப் பார்த்தே அவனுக்கு எந்த ஊர் ராஜா பட்டம் கட்டலாம் என்று தெரிந்து வைத்திருப்பவன். பார்த்திபனைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"ரெண்டு இன்ச் கீது, நாலு இன்ச் கீது சார். ரெண்டு இன்ச்சுன்றது ஸ்பிரிங்குக்கு மேல ஒரு கட்டைய வெச்சி தூக்கறது, அவ்ளோதான். நாலு இன்ச்சுன்னா ஸ்பிரிங்கு, ஷாக் அப்சார்பரு எல்லாமே மாத்திடுவோம். வண்டி எங்க சார் ஓட்டுவீங்க?"

"எல்லா எடத்துலயும்" என்றான் பார்த்திபன், இமயமலையில் பாதியைப் பார்த்துவிட்டு வந்தவன் போல.

"ஹைவேல" என்றாள் நர்மதா. "ஹைவேல மட்டும்தான் ஓட்டுவாரு. நாலு இன்ச் தூக்குனா ஆடாதா?"

ஜோசப் பல்லிளித்தான். "கொஞ்சம் ஆடும்மா. டயர் சத்தம் வரும். ஆனா சாரு பர்சனாலிட்டிக்கு ரெண்டு இன்ச் எடுபடாது."

பர்சனாலிட்டி என்ற சொல் பார்த்திபனின் காதில் விழுந்து வயிற்றுக்குள் இறங்குவதை நர்மதா கண்ணாரப் பார்த்தாள். மூச்சை இழுத்துத் தொப்பையை உள்ளே வைத்துக்கொண்டான். நாலு இன்ச் முடிவாகிவிட்டது. வீட்டுக்கு வாஷிங் மெஷின் வாங்கும்போது மூன்று கடை ஏறி இறங்கி முக்கி முனகியவன் இவன். முகஸ்துதி என்றால் ஒரே கடை போதும்.

ஜீப் கம்பெனியே கதவுக்குக் கீழே கால் வைத்து ஏற ஒரு படி போட்டுக் கொடுத்திருந்தது. ஜோசப் அதைக் காலால் தட்டிக் காட்டினான். "இத்த கழட்டிடலாம் சார். இந்த ஹைட்டுக்கு இது இருந்தா லேடீஸ் வண்டி மாதிரி ஆயிடும்."

"படி இல்லாம நான் எப்பிடி ஏறுவேன்?" என்று கேட்டாள் நர்மதா.

"எகிறி ஏறு. எல்லாம் பழகிடும்" என்றான் பார்த்திபன். பழைய இரும்புக்குப் போடும் குவியலில் அந்தப் படி விழுந்தது. இப்படி ஒரு அறிவாளியிடம் தாலி வாங்கிய தன் ராசியை நொந்துகொண்டு அவள் வெளியே வந்து நின்றாள்.

காதுகுத்து அன்று காலையில் தெருவே ஜீப்பைச் சுற்றி நின்றது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, பார்த்திபன் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டான். அங்காளம்மாள் பட்டுப்புடவையில், சீர்த்தட்டோடு, தேய்ந்த முழங்காலை மெல்ல நகர்த்தி வந்தாள். கதவைத் திறந்தார்கள். சீட்டு அவள் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

அப்போதுதான் பார்த்திபனுக்கு உறைத்தது. டயரை அளந்தான், பம்பரை அளந்தான், செல்ஃபிக்கு எந்தப் பக்கம் எடுப்பாக இருக்கும் என்றுகூடப் பார்த்து வைத்திருந்தான். பெற்றவளின் காலை மட்டும் நினைக்கவில்லை.

பிளாஸ்டிக் முக்காலி வந்தது. அங்காளம்மாள் ஒரு காலை வைத்ததும் அது சரிந்தது. கீழே விழாமல் நர்மதா தாங்கிப் பிடித்தாள். பார்த்திபன் பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டான். "நீ அந்தப் பக்கம் புடி, நான் இந்தப் பக்கம். ஒரே தூக்கு."

அங்காளம்மாள் அவன் கையைத் தட்டிவிட்டாள். "நான் இன்னா நெல்லு மூட்டையாடா? தெருவே பாக்குது, என்னை இடுப்புல கை குடுத்து தூக்கறேன்ற!"

நர்மதாவுக்கு மடி கைநழுவிப் போவது தெரிந்தது. கணவனைத் தனியே இழுத்தாள். "ஒரு வாடகை காரு சொல்லுங்க. நீங்களே ஓட்டிக்கினு வாங்க, அத்தை உங்களாண்டதான் வருவாங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"வாடகை வண்டில போய் எறங்கறதுக்கா நாலு இன்ச் தூக்குனேன்?"

"மடி போயிடும்ங்க!"

"இரு, பேஜாரு பண்ணாத. ஸ்டூலு ஒண்ணு பெருசா கொண்டாரச் சொல்லிக்கீறேன்."

பெரிய ஸ்டூல் வருவதற்குள் வரதன் வந்துவிட்டான், தன் ஓட்டை வேனில். கதவு நெளிந்திருந்தது, நெல்லும் தவிடும் ஏற்றி ஏற்றி நாற்றம் பிடித்துப்போயிருந்தது. அதில் ஒரு தடவை ஏறியதற்கு நர்மதா வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்திருக்கிறாள். வரதன் பக்கக் கதவைச் சர்ரென்று தள்ளினான். அங்காளம்மாள் சீட்டில் பின்பக்கமாக உட்கார்ந்தாள், கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள், தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். ஒரு கத்திரிக்காய் கூடையை வைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"நல்ல நேரம் போவுதுடா நைனா, பின்னால வா" என்று சின்ன மகனிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பின்னால் போவதிலும் ஒரு அழகு இருந்தது. ஹைவேயில் கொஞ்சம் வேகமெடுத்தாலே ஜீப் ஆடியது, டயர் ஓயாமல் ஊளையிட்டது. காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் தாண்டும்போதெல்லாம் பார்த்திபன் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தான். அந்த ஓட்டை வேன் கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்விட்டது. புடவையைத் தூக்கிச் செருகி எகிறி ஏறிய நர்மதா கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகையும் வந்தது, அவனை ஓங்கி ஒன்று வைக்கலாம் என்றும் வந்தது.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது இளமதி வரதன் மடியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தாள். ஒரு காது முடிந்திருந்தது. கூட்டத்துக்குள் நுழையக்கூட இடமில்லை. நர்மதா எம்பி எம்பிப் பார்த்தாள். பார்த்திபன் வண்டியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்துவதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதம் விருந்துக்குப் போனார்கள். கூடத்தில் பழைய படத்துக்குப் பக்கத்தில் புதுப்படம் மாட்டியாகிவிட்டது. நடுவில் வரதன், மடியில் இளமதி, ஒரு பக்கம் வரதனின் மனைவி, மறுபக்கம் அங்காளம்மாள். நர்மதா ஓரங்களையெல்லாம் தேடினாள். இந்தத் தடவை முழங்கைகூட இல்லை. எல்லோர் தலைக்கும் மேலே, பின்னால், மாலையோடு ஜீப் மட்டும் பளிச்சென்று நின்றது.

பார்த்திபனும் இலையில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து அதைத்தான் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"பாத்தியா நர்மதா, ரெண்டு இன்ச் போட்டிருந்தா மறைஞ்சிருக்கும்."