பக்கத்து சீட்டில் ஆள் இருந்தால்

பாக்கியசாமி தனியாக ஓட்டும்போது மட்டும்தான் அந்தச் சிவப்பு லைட் மினுக்கியது. பேட்டரிக்குக் கரண்ட் போகவில்லை என்று காட்டும் லைட். திண்டிவனம் மில்லில் இருந்து விழுப்புரம் கடைக்கு எண்ணெய் டின் ஏற்றிப் போகும்போதும் மினுக்கும், காலி ஜீப்பாகத் திரும்பும்போதும் மினுக்கும். முதலாளி அரங்கநாதன் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தால் செத்தது போலக் கிடக்கும்.

“நான் உக்காந்தா எரியல, நீ தனியா போனா எரியுதா? உன்னப் பாத்துக் கண்ணடிக்குதாய்யா அது?” என்றார் அரங்கநாதன். எண்ணெய் ஆட்ட வந்த மல்லாட்டை மூட்டைகளைத் தூக்குகிறவர்கள் சுமையோடு நின்று சிரித்தார்கள்.

ஜீப், மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழசு. எலக்ட்ரீசியன் பெரியதம்பி டைனமோவைக் கழற்றி மாட்டினான். வயரெல்லாம் இழுத்துப் பார்த்தான். பக்கத்து சீட்டைத் தூக்கி, அதன் அடியில் இருந்த பேட்டரியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினான். அப்புறம் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மயிலம் ரோடு வரைக்கும் போய் வரச் சொன்னான். லைட் மினுக்கவே இல்லை.

“வண்டி நல்லா கீதுண்ணே. நீதான் தூங்கு.”

போன வாரம் விழுப்புரம் ரயில்வே கேட்டில் நிற்கும்போது என்ஜின் அணைந்துபோனது. சாவியைத் திருப்பினால் உயிரே இல்லை. அங்கே நின்றவர்கள் தள்ளியும் பார்த்தார்கள். மதிய வெயிலில் முதலாளி பஸ் பிடித்து வந்து, எரிச்சலோடு சீட்டில் தொப்பென்று உட்கார்ந்து, “இப்ப போடு” என்றார். ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. அவர் அவன் வாயருகே மூக்கைக் கொண்டுவந்து மோந்து பார்த்தார். பாக்கியசாமி குடிக்கிறவன் இல்லை. அவருக்கும் அது தெரியும்.

“இன்னொரு வாட்டி லைட்டு, கிட்டுன்னு வந்து நின்ன, சாவிய வெச்சிட்டுப் போய்க்கினே இரு.”

சாவியை வைத்தால் மில் ஷெட்டில் படுக்கிற இடமும் போகும். நாற்பத்தெட்டு வயதில் வேறு யார் வண்டி கொடுப்பார்கள்? பெண்டாட்டி அம்சா போனபிறகு அவனுக்கு வீடென்று இருந்தது அந்த ஷெட் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை டின்களை இறக்கிவிட்டுத் திரும்பினான். விக்கிரவாண்டி தாண்டி மறுபடி மினுக்கல். அவன் அதைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தான். ஓரத்தில் ஒருத்தி மூட்டையோடு கையைக் காட்டினாள்.

“கூட்டேரிப்பட்டு வரிக்கும் வுடுய்யா. பஸ்ஸுக்காரன் நிக்காம போய்ட்டான், கட்டைல போறவன்.”

ஏறி, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். பெயர் வீரம்மாள், தங்கச்சி வீட்டுக்குக் கேப்பை கொண்டுபோகிறாள் என்பதை அவன் கேட்காமலே சொன்னாள். தங்கச்சி புருஷனைப் பற்றியும் சொன்னாள். மனுஷ வாய் பேசிக் கேட்டு நாளாகியிருந்ததால் அவன் வேகத்தைக் குறைத்தே ஓட்டினான்.

கூட்டேரிப்பட்டில் இறக்கிவிட்டு நாலு வண்டி தூரம் போயிருப்பான். லைட் மினுக்கியது. அப்போதுதான் உறைத்தது: இவ்வளவு நேரம் அது மினுக்கவில்லை. பின்னாலேயே ரிவர்ஸில் வந்தான்.

“எம்மா, கொஞ்சம் ஏறி உக்காரு.”

“இன்னாய்யா, எறக்கி வுட்டுட்டுத் திரும்பக் கூப்புடற? உன் எண்ணம் இன்னா?”

“லைட்டுமா. நீ உக்காந்தா நிக்குது.”

“நான் இன்னா மாரியாத்தாவா?” இடுப்பில் கை வைத்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மூட்டையைச் சீட்டில் போட்டாள். “நான் ஏற மாட்டேன். இத வெச்சிப் பாரு.”

ரோட்டோரப் பள்ளத்தில் ஜீப்பை மெதுவாக உருட்டினான். கேப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவானோ என்று அவள் மூட்டையின் காதைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். மூட்டை இருந்தவரை லைட் இல்லை. எடுத்ததும் அடுத்த பள்ளத்திலேயே மினுக்கியது.

நிறுத்தி, சீட்டைத் தூக்கினான். பேட்டரி முனையைப் பிடித்திருந்த வளையத்தை விரலால் தடவிப் பார்த்தான். மேலே முழுசாகத்தான் இருந்தது. அடிப்பக்கம் விண்டிருந்தது. யாராவது உட்கார்ந்தால் சீட்டுப் பலகை அதைக் கீழே அழுத்தி முனையில் இறுக்கிவிடுகிறது. ஆள் இல்லாவிட்டால் குலுங்கலில் விட்டுவிட்டுப் பிடிக்கிறது.

“இதுதான் லைட்டப் புடிச்ச பேயா?” வீரம்மாள் எட்டிப் பார்த்தாள். அவன் சத்தமாகச் சிரித்து, இந்த லைட்டால் வேலையே போக இருந்ததைச் சொன்னான். “போய் ஊட்ல சொல்லு, வேல தப்பிச்சிதுன்னு” என்றாள்.

“ஊட்ல ஆரும் இல்ல.”

அவள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, “சரிய்யா, வர்றேன்” என்று நடந்தாள்.

அவன் வளையத்தை இறுக்கவில்லை. முதலாளி கண்ணால் பார்க்கட்டும் என்று அப்படியே ஓட்டி வந்தான். வழியெல்லாம் மினுக்கியது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

“மொதலாளி, ஒரு நிமிசம் வந்து பாருங்க, கண்டுபுடிச்சிட்டேன்.”

அரங்கநாதன் வாயில் வெற்றிலையோடு வந்தார். வழக்கம்போல ஏறிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். “எங்க காட்டு.”

“நீங்க எறங்கணுங்க. உக்காந்தா எரியாது.”

“என் வண்டியில இருந்து என்னயே எறங்கச் சொல்றியா?”

மூட்டைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் சாவியைக் கேட்பார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பாக்கியசாமி ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

“இல்லீங்க... சரியாப் போச்சிங்க.”

“நான் மொதல்லயே சொன்னேன், ஒண்ணும் இல்லன்னு.” வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எண்ணெய் டின்னில் ஒரு துண்டு தகரம் வெட்டி, வளையத்துக்குள் செருகி, ஸ்பேனரால் இறுக்கினான். பார்க்க யாரும் வரவில்லை.

மறுநாள் விழுப்புரம் போய்த் திரும்பும்போது கூட்டேரிப்பட்டில் வேகத்தைக் குறைத்தான். பஸ்ஸுக்கு நின்றவர்களில் யாரும் கை காட்டவில்லை. ஊர் தாண்டியதும் குண்டும் குழியுமான ரோடு வந்தது. ஜீப் குலுங்கியது. லைட் எரியவில்லை. இடது கையை நீட்டிக் காலி சீட்டை ஒருமுறை அழுத்திப் பார்த்தான். எதுவும் மாறவில்லை. கையை எடுத்து ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டான்.