கைக்கு எட்டாத முதுகு

“தோளை நான் பிடிச்சுக்கறேன், நீ இடுப்பைப் பிடி” என்றாள் பக்கத்து வீட்டு ஸ்டாம்கா. டோன்கா தன் அக்கா ருஸீனாவின் உடலை ஒருக்களித்துப் புரட்டினாள். உடலைக் கழுவ வெந்நீரில் ஊற்றிய ஒயினின் வாடை அறையில் புளித்து நின்றது. அக்காவின் முதுகு மட்டும் சின்னப் பெண்ணின் முதுகுபோல வழவழவென்றிருந்தது.

“உசிரோட இருந்தப்ப என்னைக் கிட்டவே விடமாட்டா. இப்ப பாரு, எவ்ளோ சமத்தா கெடக்கா” என்றாள் ஸ்டாம்கா.

டோன்காவுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

கதவுக்கு வெளியே அக்கா புருஷன் டோப்ரியின் குரல். “டோன்கா, பிரஸ்காரர் மத்தியானத்தோட மூடிருவாராம். கதவுல ஒட்டற சாவு நோட்டீஸ்ல என்ன நோய்னு போடச் சொல்ல? இத்தனை வருஷத்துல ஒரு டாக்டரும் பேரே சொல்லலியே.”

“கொஞ்சம் இருங்க அத்தான்.”

அவளுக்குப் பேர் தெரியும். குளிர்காலத்தில் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வைத்து டாக்டரம்மா அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். ருஸீனாவின் ரத்தத்தில் கோளாறில்லை. சதையை எடுத்துச் சோதித்ததிலும் ஒன்றுமில்லை. மாவுக்கட்டுப் போட்டு மூடிய காலில் புண் தானாக ஆறிவிட்டது. வலது கை எட்டும் இடமெல்லாம் புண், எட்டாத முதுகில் ஒன்றுகூட இல்லை.

“பென்ஷனுக்காக நடிக்கிறாளா?” என்று கேட்டாள் டோன்கா.

“அப்படி நடிக்கிறவங்க, கேட்டது கெடைச்சதும் குணமாயிடுவாங்கம்மா. இவங்களுக்கு நோயாளியா இருந்தாப் போதும்.”

“அப்ப பைத்தியமா?”

“இல்லம்மா. தன் கையாலதான் செய்றோம்னு தெரியும். ஏன்னுதான் தெரியாது.”

“எல்லாம் பொய்தானே?”

“புண்ணு எப்படி வந்துச்சுங்கறது பொய். நோய் பொய்யில்ல.”

மனநல மருத்துவரிடம் போக ருஸீனா கடைசிவரை மறுத்துவிட்டாள். புண்ணின் சீழ் ரத்தத்தில் கலந்து நேற்று முடிந்துபோனது.

அத்தானிடம் டோன்கா சொல்லவில்லை. சொல்லலாம் என்று போன ஒரு சாயங்காலம், பஸ் ஓட்டிவிட்டு வந்த மனிதர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கவைத்த கட்டுத்துணியோடு அக்காவின் காலடியில் மண்டியிட்டிருந்தார். பகலெல்லாம் பேச்சற்றுக் கிடந்த வீட்டில் அந்த நேரத்தில் மட்டும் இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். டோன்கா காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

“டோன்கா! ஆஸ்பத்திரிக்கே போன் போட்டுக் கேட்டுரட்டுமா?”

ஈரக்கையோடு போய்க் கதவைச் சாண் அளவு திறந்தாள். சவரம் செய்யாத முகம். போன் ஏற்கெனவே கையில் இருந்தது.

“வேணாம் அத்தான். ‘நீண்ட நாள் கடும் நோய்க்குப் பின்’னு போடச் சொல்லுங்க.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான். அது நெஜந்தானே.”

“நெஜந்தான்” என்றார் டோப்ரி. “நான் பார்த்தேனே.” போனைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

டோன்கா திரும்பினாள். ஸ்டாம்கா கட்டிலோரம் உட்கார்ந்து, ருஸீனாவின் வலது கையைத் தன் மடியில் வைத்திருந்தாள். ஏப்ரன் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். உள்ளே ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்த நகங்களை ஒவ்வொன்றாக, சதையோடு ஒட்ட வெட்டித் தன் உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டாள்.

இடது கையை அவள் தொடவில்லை.