பசங்களுக்கான கடிதம்

வாருங்கள், வாசகர்களே! ஓர் அநீதிக்குச் சாட்சியாக நிற்க உங்களை அழைக்கிறேன். அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. செய்தவருக்கே தாம் செய்தது தெரியாது. நடந்த இடம் ஒரு மருத்துவக் கல்லூரியின் அறுவை சிகிச்சைத் துறை அலுவலகம். ஜன்னலோரம் ஒரு மேசை, மேசைமேல் ஒரு கணினி, கணினிக்குள் இரண்டே இரண்டு கடிதங்கள்.

மருத்துவம் முடிக்கும் மாணவர்கள் மேற்பயிற்சி இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். தலைவருக்கோ காலையில் அறுவை அரங்கு, மாலையில் கூட்டம். ஆகவே பதினெட்டு ஆண்டுகளாக அவர் கையொப்பம் மட்டுமே இடுகிறார். கடிதத்தைப் பிறப்பிப்பவர் தட்டச்சர். அந்த நல்ல மனிதரிடம் மாணவர்களுக்கென்று ஒரு கடிதம் இருந்தது: ‘துணிச்சல் மிக்கவர், நெருக்கடியில் நொடியில் முடிவெடுப்பவர், தேர்ந்த கைத்திறன் உடையவர்.’ மாணவிகளுக்கென்று இன்னொன்று: ‘அடக்கமானவர், அதிர்ந்து பேசாதவர், குழந்தைகளிடம் கனிவு காட்டுபவர், கையெழுத்து அழகானது.’ பெயரை மாற்றுவார், தேதியை மாற்றுவார், அச்சிடுவார். பதினெட்டு ஆண்டுகளில் அந்தக் கல்லூரியில் ஒரு பெண்ணுக்குக்கூடத் துணிச்சல் பிறக்கவில்லை. ஓர் ஆணுக்குக்கூடக் கனிவு சுரக்கவில்லை. இயற்கைகூட இத்தனை ஒழுங்காக வேலை பார்த்ததில்லை!

அந்த அலுவலகத்துக்குத்தான் நம் மாணவியும் போனாள். தோழர்கள் அவளுக்கு இட்ட பெயர் ‘முடிச்சு’. அறுவை முடிச்சு பழகுகிறேன் என்று நாற்காலிக் கால், கதவுக் கைப்பிடி, குவளையின் காது எதையும் அவள் விட்டுவைத்ததில்லை. பள்ளி வேன் ஓட்டும் அவள் தாய் ஒருநாள் காலை, மேசைக்காலோடு கட்டுண்டு கிடந்த வேன் சாவியை அவிழ்க்க முடியாமல், “ஏண்டி, நான் வேன ஓட்டுறதா, இல்ல மேசையையும் சேத்து இழுத்துட்டுப் போறதா?” என்று கேட்டாள்.

முடிச்சுக்கு வேண்டியது ஒன்றே: ஆற்றுக்கு அப்பால் இருக்கும் பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பயிற்சி இடம். இருப்பவை மூன்று, விண்ணப்பங்கள் நூற்றுக்கும் மேல். அவள் வகுப்புத் தோழன், உயரத்தால் ‘ஒட்டகம்’ என்று பெயர் வாங்கியவன், அதே மருத்துவமனையில் குழந்தை மருத்துவத்துக்கு விண்ணப்பித்திருந்தான். வார்டையே அதிரவைக்கும் குழந்தையும் அவன் தோளில் ஏறினால் வாயை மூடிக்கொள்ளும்.

நேர்முகத் தேர்வுக்கு இருவரும் நடைக்கூடத்து நாற்காலிகளில் காத்திருந்தபோது, முடிச்சின் கைப்பேசி ஒலித்தது. தட்டச்சர் பேசினார்.

“அம்மாடி, பெரிய தப்பு நடந்துபோச்சு. உன் பேரும் அந்தத் தம்பி பேரும் அடுத்தடுத்து இருந்துச்சா, கடிதத்த மாத்தி அடிச்சுட்டேன். பேரெல்லாம் சரிதான். உள்ள இருக்கிறதுதான் இடம் மாறிப்போச்சு. ஐயாவும் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டாரு.”

“என்னைப் பத்தி என்னண்ணே எழுதியிருக்கு?”

“துணிச்சல், நொடியில முடிவு, கைத்திறன்…”

“இதுல எது தப்பு?”

“தப்புன்னு ஒண்ணும் இல்லம்மா. ஆனா, அது பசங்களுக்கான கடிதம்.”

கைப்பேசியில் காதை ஒட்டியிருந்த ஒட்டகம் குறுக்கிட்டான். “அப்ப என்னைப் பத்திண்ணே?”

“அடக்கமானவர், அதிர்ந்து பேசாதவர், குழந்தைங்ககிட்ட கனிவு, கையெழுத்து அழகு…”

“அடடா! எங்கம்மாகூட என்னை இவ்வளவு சரியாப் புரிஞ்சுக்கிட்டதில்ல. அந்தக் கையெழுத்து மட்டும்தான் பச்சைப் பொய்.”

கவனியுங்கள், வாசகர்களே! பதினெட்டு ஆண்டுகளில் அந்த அலுவலகம் உண்மையை எழுதியது ஒரே ஒரு நாள், அதுவும் பிழையால்!

“சரியான கடிதத்த அதே தேதி போட்டு, ஐயா கையெழுத்தோட எடுத்து வெச்சிருக்கேன். இப்பவே அனுப்பிடட்டுமா?” என்றார் தட்டச்சர்.

ஒட்டகம் இரு கைகளாலும் ‘வேண்டாம்’ என்று சைகை காட்டினான். முடிச்சு ஒரு நிமிடம் யோசித்தாள்.

“அனுப்புங்கண்ணே. ஆனா முதல்ல போனதும் அங்கயே இருக்கட்டும். ரெண்டையும் பாக்கட்டும்.”

“உனக்கு மூளையிலயே முடிச்சு விழுந்துடுச்சுடி,” என்று தலையில் அடித்துக்கொண்டான் ஒட்டகம். “கையில வந்த இடத்தக் காத்துல விடுற!”

பத்து நிமிடத்தில் அவளை உள்ளே அழைத்தார்கள். நீண்ட மேசைக்குப் பின்னால் மூவர். நடுவில் அமர்ந்திருந்த தலைமை அறுவை மருத்துவர் இரண்டு தாள்களை அருகருகே வைத்தார்.

“ஒரே பேரு, ஒரே தேதி, ஒரே கையெழுத்து. ஒண்ணுல நீங்க புலி, இன்னொண்ணுல பூனை. எதும்மா நீங்க?”

“ரெண்டும் இல்ல சார். ரெண்டுமே என்னைப் பாத்து எழுதினது இல்ல.” பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று என்ற ஏற்பாட்டையும் இம்முறை நேர்ந்த பிழையையும் அவள் மறைக்காமல் சொன்னாள்.

ஓரத்தில் இருந்தவர் வியந்தார். “முதல் கடிதமே உங்களுக்குச் சாதகமா இருக்கே. பேசாம இருந்திருக்கலாமே?”

“இருந்திருக்கலாம் சார். ஆனா அடுத்த வருஷம் வர்ற பொண்ணு எந்தத் தப்ப நம்பி விண்ணப்பம் போடுவா?”

தலைமை மருத்துவர் இரண்டு தாள்களையும் ஓரமாக ஒதுக்கினார். “சரி. நீங்களே சொல்லுங்க. உங்களை எதுக்கு எடுக்கணும்?”

அவள் சொன்னாள். தொடையில் இரத்தக்குழாய் அறுந்து வந்த ஒருவரை அறுவை அரங்குக்குக் கொண்டுபோகையில், மின்தூக்கி இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே நோயாளி, தலைமைச் செவிலி, இவள். இருபத்திரண்டு நிமிடம் காயத்தைக் கைமுஷ்டியால் அழுத்திப் பிடித்திருந்தாள். ‘நீங்க டாக்டரா?’ என்று நோயாளி கேட்டார். ‘இன்னும் மூணு மாசத்துல ஆயிடுவேன், அதுவரைக்கும் அசையாதீங்க’ என்றாள்.

சிரிப்பு அடங்கியதும் தலைமை மருத்துவர் கேட்டார்: “இது எந்தக் கடிதத்துலயும் இல்லையே?”

“பாத்தவங்க எழுதல சார். எழுதினவங்க பாக்கல.”

அவர் அந்தச் செவிலியின் எண்ணை வாங்கி அங்கேயே அழைத்தார். குரல் அறை முழுதும் ஒலித்தது.

“அந்தப் பொண்ணா? லிஃப்டத் திறந்த பிறகும் கைய எடுக்க மாட்டேன்னுட்டா சார். டாக்டர் வந்து குழாயப் பிடிச்சாத்தான் விடுவேன்னு ஒரே பிடிவாதம். வாய் கொஞ்சம் நீளம். கை ரொம்பச் சுத்தம். யோசிக்காம எடுத்துக்குங்க.”

தலைமை மருத்துவர் அந்தச் சொற்களை அப்படியே எழுதி, விண்ணப்பத்தோடு இணைத்தார்.

அடுத்த வாரம் பட்டியல் வெளிவந்தது. அறுவை சிகிச்சையில் இரண்டாவது பெயர் முடிச்சுடையது. குழந்தை மருத்துவத்தில் முதல் பெயர் ஒட்டகத்துடையது. செய்தி கேட்ட தாய் வேனை ஓரங்கட்டி, ஹாரனை அழுத்தி அழுத்தி ஓய்ந்தாள். உள்ளே இருந்த பதினாறு பிள்ளைகளும் காரணம் தெரியாமலே கை தட்டினார்கள்.

மாலையில் தட்டச்சர் அழைத்தார். “இப்ப என்னம்மா பண்றது? ரெண்டு கடிதத்தையும் அழிச்சுடட்டுமா?”

“அழிச்சுடுங்கண்ணே.”

“அப்புறம் நான் எதைப் பாத்து அடிக்கிறது?”

“ஆளைப் பாத்து!”

ஒரு கணினியிலிருந்து இரண்டு கடிதங்கள் ஒழிந்தன. மற்றக் கணினிகளில்? கையொப்பமிடும் பெரியோரே, எழுதுகோலைத் தொடுமுன் தாளைப் படியுங்கள்; யாரைப் பற்றியதோ அவரை அருகே அழைத்துப் பேசுங்கள்; அவர் வேலையைக் கண்ணால் கண்டவரைக் கேளுங்கள். மாணவிகளே, மாணவர்களே, உங்களைப் பற்றிய கடிதத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவரின் கடிதத்தோடு ஒப்பிடுங்கள். உங்களைப் பார்க்காமல் எழுதப்பட்ட ஒரு சொல்லையும் ஏற்காதீர்கள். நாளை காலை அலுவலகம் திறக்கும்போது முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். கேளுங்கள்!